தொட்டவர், நோய் இல்லாதவர்

ஜனவரி 9

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கால் வீக்கம் வற்றியதா? எனக்கு ஒன்றும் குறையில்லை, தூக்கம்தான் போதவில்லை. அம்மா நலமாக இருக்கிறார். வழக்கம்போல உங்களுக்கு எதுவும் சொல்லச் சொல்லவில்லை. நீங்களும் அவரை விசாரிக்க மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நானாகவே எழுதிவிடுகிறேன்.

போனில் பேசினால் நான் சொல்வது உங்களுக்குக் கேட்பதில்லை. நீங்கள் சொல்வது இந்தத் தெருவுக்கே கேட்கிறது. அதனால்தான் கடிதம். மேல்மாடித் தையற்கார அக்கா படித்துக் காட்டுவார் என்ற தைரியம்.

விஷயம் இதுதான். நீங்களும் அப்பாவும் வேலை பார்த்த சாயத் தொழிற்சாலை மூடி இத்தனை வருஷம் கழித்து, அங்கே இருந்தவர்களில் சிலர் சிறுநீர்ப்பையில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு வந்த அதே நோய். உலர்த்தும் கொட்டகையில் பறந்த நீலத்தூளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று அளக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. என் அப்பா வேலை பார்த்த இடம் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். "உங்க வீட்டு ஆளுங்களைக் கணக்குல சேக்காதீங்க. மத்தபடி நீங்கதான் பாக்கணும், வேற யார் இருக்கா" என்றார். அதனால் அப்பாவும் கணக்கில் இல்லை, நீங்களும் இல்லை.

ஆனால் மற்றவர்களிடம் கேட்பதற்கு முன்னால் கேள்விகளை யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும், புரிகிறதா என்று. உங்கள் ஞாபகசக்தி ஊர் அறிந்தது. தொழிற்சாலையின் காகிதங்களெல்லாம் எடைக்குப் போய்விட்டன, இனி ஆட்களின் ஞாபகம்தான் எங்களுக்குக் காகிதம். கேள்விகளை இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவுக்கு நேரம் இருக்கும்போது படிக்கச் சொல்லிப் பதில் எழுதி அனுப்புங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாப்பா

*

ஜனவரி 24

அன்பு மகளுக்கு,

பெரியப்பாவின் வாய் சொல்ல, தையற்காரியின் கை எழுதுகிறது. கால் வீக்கம் போய்விட்டது, இப்போது செருப்புதான் பெரிதாகத் தெரிகிறது. நீ நேரத்துக்குத் தூங்கு. தலை நரைத்த பிறகும் உன்னைப் பாப்பா என்று கூப்பிடுகிறவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் கேள்விகளைத் தையற்காரி காஜா எடுத்துக்கொண்டே படித்தாள். கேட்டுக் கேட்டே ஆளைப் படுக்க வைத்துவிடுவீர்கள் போலிருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

உன் அப்பா முதல் நாள் வேலைக்கு வந்தபோது சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் மேஸ்திரி, கண்ணாடிக்காரர் என்போம், மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நீ உள்ள போறியா, வெளிய வர்றியா?" என்றார். அன்றிலிருந்து அவனுக்கு அங்கே 'திருப்பி' என்றுதான் பேர். கழுத்து நீண்டவன் ஒருத்தன் இருந்தான், ஒட்டகம். வாய் மூடாதவன் ஒருத்தன், ரேடியோ. இரண்டு பேரும் இன்னும் இருக்கிறார்கள், இதே தெருக்கோடியில் டீக்கடையில் பார்க்கிறேன்.

கை கழுவும் சோப்பு என்ன நிறம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கும் நோய்க்கும் என்ன சம்பந்தமோ. பச்சை. நடுவில் ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்று. ஒட்டகம் கயிற்றோடு கொண்டுபோனான்.

தூளைப் பற்றிக் கேட்டதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த மாதம் வந்தது, எப்படி இருந்தது, எவ்வளவு பறந்தது. தூள் தூள்தான். பறந்தது, படிந்தது, குளித்தால் போனது. ஒட்டகத்தின் கல்யாணத்தில் யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று கேள், சொல்கிறேன். தூளை யாரம்மா ஞாபகம் வைப்பார்கள்?

இன்னொன்றும் எழுதிக்கொள். உன் அப்பா போனபின், தூளால்தான் வந்தது என்று உன் அம்மா நஷ்டஈட்டு மனு கொடுத்து, விசாரிக்க அதிகாரி வந்தாரே, அவரிடம் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்வேன். நானும் அதே கொட்டகையில்தான் நின்றேன். எனக்கு ஒன்றுமில்லை. அவன் சிகரெட் பிடிப்பான், நான் தொட்டதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். இருந்ததைச் சொன்னதற்காக உன் அம்மா என் முகத்தில் முழிப்பதில்லை. அது அவள் இஷ்டம்.

வேளைக்குச் சாப்பிடு.

பெரியப்பா

*

பிப்ரவரி 6

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்துச் சிரித்துவிட்டேன். இந்த அறையில் யாரும் சிரித்து நாளாகிவிட்டது. ஏசி ஒழுகுகிறது, கீழே ஒரு வாளி வைத்திருக்கிறோம், அது நிரம்பினால் யார் கொட்டுவது என்பதுதான் தினசரிச் சண்டை. நான் நலம். அம்மாவும் அப்படியே. உங்கள் தூக்கம், பசி எல்லாம் எப்படி?

எதற்காக இத்தனை கேள்வி என்று சொல்கிறேன். நான்கு அறை உள்ள ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அறையில் தூளைத் தொட்டவர்கள், நோய் வந்தவர்கள். இரண்டாவதில் தூளைத் தொட்டவர்கள், நோய் இல்லாதவர்கள். மூன்றாவதில் தூளைத் தொடாமலே நோய் வந்தவர்கள். நான்காவதில் தொடவும் இல்லை, நோயும் இல்லை. ஊரில் நோய் வந்த ஒவ்வொருவருக்கும், அதே வயதில், அதே பக்கத்தில் இருக்கிற நோயில்லாத இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, அவரவரை அவரவர் அறையில் உட்காரவைப்போம். பிறகு நான்கு அறைகளின் கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். என் வேலை அவ்வளவுதான்.

இதில் ஒரு பெரிய தொல்லை இருக்கிறது. நோய் வந்தவர்கள் படுக்கையில் கிடந்து யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு ஏன் வந்தது, எனக்கு ஏன் வந்தது என்று. தொட்டது, முகர்ந்தது எல்லாவற்றையும் தோண்டி எடுக்கிறார்கள். நோய் இல்லாதவர்கள், நீங்கள் சொன்ன மாதிரி, தூள் தூள்தான் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார்கள். இரண்டு பேரும் ஒரே தூளைத்தான் தொட்டிருப்பார்கள். ஆனால் காகிதத்தில் நோயாளி மட்டும் அதில் குளித்த மாதிரி வரும். கணக்கு பொய்யாகிவிடும்.

சோப்பு அதற்குத்தான். சோப்பால் இந்த நோய் வராது. சோப்பையும் தூளையும் ஒரே மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறவர் சொல்வதை நம்பலாம். தூள் மட்டும் துல்லியமாக ஞாபகம் இருந்தால், அது நோய் பேசுகிறது என்று எச்சரிக்கையாக இருப்போம்.

நோய் இல்லாதவர்கள் யாரும் எனக்குப் பதில் போடுவதில்லை, பெரியப்பா. நன்றாக இருக்கிறவருக்கு என் கேள்வி எதற்கு? டீக்கடையில் உங்கள் நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பாப்பா

*

பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

நான் சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். வாளியைக் கொட்ட ஒரு ஆள் போட மாட்டார்களா, இவ்வளவு படித்தவர்கள் இருக்கிற இடத்தில்?

நான்கு அறையும் எனக்கு நன்றாகப் புரிந்தது. தையற்காரிக்குத்தான் புரியவில்லை, இரண்டு தடவை நான் சொல்லிக் கொடுத்தேன். (இல்லை, எனக்கு முதல் தடவையே புரிந்தது. தையற்காரி.) இதை நான் எழுதச் சொல்லவில்லை.

நீ என்னைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் நான் எந்த அறை என்று எனக்குத் தெரியும். இரண்டாவது. தொட்டவர், நோய் இல்லாதவர். நல்ல அறை. காற்றோட்டமாக இருக்கும்.

ஒட்டகத்திடமும் ரேடியோவிடமும் சொன்னேன். ஒட்டகம் உடனே சரி என்றான். ரேடியோ மட்டும், "நான் நல்லாத்தானே இருக்கேன், என்னை எதுக்கு ஆஸ்பத்திரிக் கணக்குல சேக்கறாங்க, கண்ணு பட்டுடும்" என்றான். "டேய், நீ நல்லா இருக்கறதைத்தான் எழுதறாங்க. ஒன்னைப் பத்தி நல்லதா ஒண்ணு எழுத வேற யாரு வருவா?" என்றேன். சம்மதித்துவிட்டான். அவன் பேச ஆரம்பித்தால் உன் ஆட்களுக்குத் தாள் போதாது, எச்சரித்துவிடு.

ஒன்று கேட்க வேண்டும். இந்த நான்கு அறையையும் கட்டி முடித்த பிறகு, உன் அப்பாவைக் கொண்டுபோனது தூளா சிகரெட்டா என்று உன் கணக்கு சொல்லிவிடுமா? சொல்லும் என்றால் எனக்கு முதலில் சொல். சும்மா கேட்டேன்.

பெரியப்பா

*

மார்ச் 15

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம்தானே? வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஒட்டகம் மாமாவும் ரேடியோ மாமாவும் பதில் சொல்லிவிட்டார்கள். ரேடியோ மாமாவைப் பார்க்கப்போன பெண் மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் வந்திருக்கிறார்கள். உங்களால்தான்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். சிகரெட் பிடித்தவர்களைத் தனியாகவும் பிடிக்காதவர்களைத் தனியாகவும் பிரித்து, இரண்டு கூட்டத்திலும் தூள் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். அதனால் சிகரெட்டின் பழி தூள் மேல் விழாது, தூளின் பழி சிகரெட் மேல் விழாது. ஆனால் இது கூட்டத்துக்குச் சொல்கிற பதில். ஒரு ஆளுக்கு இல்லை. அப்பா என்ற ஒரே ஒருவருக்கு எதனால் வந்தது என்று எந்தக் கணக்கும் சொல்லாது. இதை அம்மாவிடமும் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு படிச்சே?" என்று எழுந்து போய்விட்டார். நீங்களும் அதையேதான் கேட்பீர்கள்.

பாதி ஆட்கள் சேர்ந்ததும் மேலதிகாரி ஒருமுறை கூட்டிப் பார்க்கச் சொன்னார். தூளைத் தொட்டவர்களுக்கு இந்த நோய் வந்திருப்பது மூன்று மடங்கு என்று தெரிகிறது. ஆனால் ஆட்கள் குறைவு, உண்மையில் அது ஒன்றரையாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். தினமும் சாயங்காலம் கண் எரிகிறது. வீட்டுக்கு வந்தால் அம்மா டீ வைக்கிறார்.

உங்கள் பதிலுக்குக் காத்திருப்பேன்.

பாப்பா

*

ஏப்ரல் 27

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நாங்கள் நலம்.

நான் போட்டது கிடைத்ததா? நீங்கள் இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்ததில்லை. மூன்று மடங்கு என்று எழுதியது உங்களுக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களைப் பொய்யாக்க நான் இந்த வேலைக்கு வரவில்லை, பெரியப்பா. கோபமென்றால் கோபத்தையாவது எழுதுங்கள்.

பாப்பா

*

மே 28

அன்பு மகளுக்கு,

கோபம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், தையற்காரிக்குச் சீருடை வேலை தலைக்கு மேல். அவள் கை ஒழிந்தால்தானே என் வாய்க்கு வேலை. நான் நன்றாக இருக்கிறேன். நீ கண்ணுக்கு மருந்து போடு.

ஒன்றரைக்கும் ஏழுக்கும் நடுவில் என்று சொல்வதற்கா இத்தனை பேர் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்? துணி அளக்கிற தையற்காரி இப்படிச் சொன்னால் யார் சட்டை தைக்கக் கொடுப்பார்கள்?

தூளைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதைச் சொல்லிவிடுகிறேன். நீலத்தூள் என்று பேர்தானே தவிர அது நீலம் இல்லை. மூட்டையில் இருக்கும்போது சாம்பல். ஈரம் பட்டால்தான் நீலம். வேர்வை எங்கே இருக்கிறதோ அங்கே நீலம். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், இடுப்புக் கயிறு இருக்கிற இடத்தில். மூக்கைச் சிந்தினால் நீலம். காலையில் எழுந்தால் தலையணை உறையில் ஒரு முகம் வரைந்த மாதிரி இருக்கும். நாக்கின் அடியில் ஒரு கசப்பு, தண்ணீர் குடித்தாலும் போகாது, சாப்பிட்டாலும் போகாது.

தூள் உலரும் தட்டுகளைச் சூட்டு அலமாரியிலிருந்து இழுத்துக் கவிழ்ப்போம். கவிழ்க்கிற நொடியில்தான் அதிகம் எழும்பும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கவிழ்த்துவிட்டு அப்புறம் விடுவோம். விடும்போது அது அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு மழைக்காலம் காற்றை வெளியே தள்ளும் விசிறி நின்றுபோனது. ஜன்னலைத் திறந்தால் தூள் நமுத்துவிடும் என்று சாத்தியே வைத்தார்கள். அந்த மழை முழுக்கச் சாத்தித்தான் இருந்தது. சாப்பாட்டுப் பையை அலமாரிக்குப் பின்னால்தான் மாட்டுவோம், சூடாக இருக்குமென்று. பையைத் திறந்தால் உள்ளேயும் இருக்கும்.

ஒரே கொட்டகை என்று சொன்னேன். ஒரே கொட்டகைதான். ஆனால் கதவுப் பக்கத்து இடம் ஒன்று உண்டு, அங்கே கொஞ்சம் காற்று வரும். அது உன் அப்பாவுக்குக் கொடுத்த இடம். அவன் என்னை அங்கே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே அலமாரிப் பக்கம் போய்விட்டான். அண்ணன் என்ற மரியாதை. கடைசி வரை அப்படித்தான் நின்றோம்.

சோப்பைப் பற்றி மறுபடி கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை.

பெரியப்பா

*

ஜூன் 5

பெரியப்பா,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. அதில் ஒட்டகம் மாமா இல்லை. ரேடியோ மாமா இல்லை. கண்ணாடிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்கிற மாதிரி ஆரம்பித்தீர்கள், அதோடு சரி. ஜனவரியில் தூள் தூள்தான் என்று சொல்லிவிட்டு, சோப்பைக் கட்டிய கயிறு வரைக்கும் சொன்ன ஆள் நீங்கள். இப்போது சோப்பு மறந்துவிட்டது, தூள் மட்டும் இருக்கிறது.

எந்த மாதிரி ஆட்கள் இப்படி ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று உங்களுக்கு நானே எழுதியிருக்கிறேன். இந்த மாதிரிப் பதில்களைத்தான் ஆஸ்பத்திரிக் கட்டில்களிலிருந்து தினமும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

உங்களுக்கு என்ன?

அக்கா, அவர் சொல்லாவிட்டால் நீங்களாவது எழுதுங்கள்.

*

ஜூன் 19

அன்பு மகளுக்கு,

இந்தத் தடவை நான் நலம் என்று எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான்கு அறையைப் பற்றி நீ எழுதி, இரண்டாவது அறை காற்றோட்டமாக இருக்குமென்று நான் எழுதச் சொன்னேனே, அதை எழுதிய வாரம்தான் முதன்முதலில் பார்த்தேன். சிறுநீரில் சிவப்பு. வலி கிலி ஒன்றுமில்லை. மறுநாள் இல்லை. சரி, வெயில் என்று விட்டுவிட்டேன். பிறகு வந்தது. பிறகு போனது. போகிறபோதெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். உன் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்து வந்து போனது. எனக்குத் தெரியாதா?

ஏப்ரலில் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. தையற்காரிதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். சீருடை என்று எழுதச் சொன்னது பொய். அவள் அந்தச் சீருடைகளை எனக்காக வேறு ஆளிடம் தள்ளிவிட்டாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். ஆழமாகப் போகவில்லையாம். ஆனால் திரும்ப வரும் ஜாதியாம். வாரா வாரம் போய் உள்ளே மருந்து விட்டுக்கொள்ள வேண்டும், அப்புறம் மறுபடி குழாய் விட்டுப் பார்ப்பார்கள். நேரத்தோடு வந்திருந்தால் இன்னும் லேசாக முடிந்திருக்கும் என்று சொன்னார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "ஓய்வு" என்றேன். எழுதிக்கொண்டார்.

போன கடிதம் எழுதும்போது தையற்காரி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "தாத்தா, நோயாளிங்க ஞாபகத்தைப் பத்தி அவங்க முன்ன எழுதினது ஞாபகம் இருக்கா? இதையெல்லாம் இப்படியே எழுதினா கண்டுபிடிச்சிடுவாங்க." நான் "எழுது" என்றேன். "எப்படியும் தெரியப்போகுதுன்னா வாயால சொல்லிடலாமே?" என்றாள். "வாயால வரலை, நீ எழுது" என்றேன்.

இப்போது ஒரு காரியம் செய். உன் அம்மாவிடம் போய், பெரியவருக்கும் வந்திருக்கிறது, அவர் சிகரெட் தொட்டதில்லை என்று சொல். இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் சொல்ல வேண்டாம். அவளுக்குப் புரியும். ஒரு ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று நீ சொல்வாய். சரிதான். அதை அவளிடம் சொல்லாதே.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. வேலையை முடி.

பெரியப்பா

(நான் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள். சாப்பிட மறுக்கிறார். தையற்காரி.)

*

ஜூலை 3

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வலி இருக்கிறதா, சாப்பிடுகிறீர்களா, நேராக எழுதுங்கள். இனி என்னிடம் சுற்றி வளைக்க வேண்டாம்.

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்ன இரண்டையும் அப்படியே சொன்னேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். பிறகு அதையே பிரித்து மறுபடி மடித்தார். சந்தோஷப்படுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொன்னது சரி என்று இத்தனை வருஷம் கழித்து ஒருவர் சொல்லியிருக்கிறார், அதுவும் நீங்கள். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ரொம்பத் தூரம் நடந்து வந்தவர் மாதிரி இருந்தார்.

காலையில் கேட்டார். "மருந்து விடறப்ப கூட யார் இருக்கா?" தையற்கார அக்கா என்றேன். "அந்தப் பொண்ணுக்குக் கடை இல்லையா? மருந்து விட்டா அப்படியும் இப்படியும் புரட்டிப் படுக்க வைக்கணும். அதுக்குத் தெரியுமா? எனக்குத்தான் தெரியும்." அவ்வளவுதான். பையில் இரண்டு புடவை வைத்துக்கொண்டார். நாளை பஸ்ஸில் வருகிறார். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் வந்திருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கணக்கு முடிந்ததும் நானும் வருவேன். அறைகள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன. முதல் அறைதான் சீக்கிரம் நிரம்புகிறது. களைப்பாக இருக்கிறது, பெரியப்பா.

பாப்பா

*

ஜூலை 17

அன்பு மகளுக்கு,

கொஞ்சம் எரிச்சல் இருக்கிறது, பரவாயில்லை. இரண்டு வேளை சாப்பிடுகிறேன், உன் அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பதால். நீ எப்படி இருக்கிறாய்? களைப்பு என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவும் உன்னைக் கேட்கச் சொன்னாள்.

அவள் வந்த அன்றைக்குப் பேச்சே இல்லை. செருப்பைக் கழற்றினாள், அடுப்படியைப் பார்த்தாள், "இதுல எப்படி சமைக்கிறாங்க?" என்று சுவரைக் கேட்டாள். நானும் சுவருக்கே பதில் சொன்னேன். தையற்காரி மேலே ஓடிப்போய்விட்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. (இரண்டும் இல்லை. பால் பொங்கியது.)

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சில் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சீட்டுக் கொடுக்கிற பெண், உன் அம்மாவைப் பார்த்து "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். உன் அம்மா சீட்டை வாங்கிக்கொண்டாள். "என் வீட்டுக்காரரோட அண்ணன்" என்றாள்.

புது டாக்டர், உன் வயதுகூட இருக்காது. பழைய காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "சிகரெட்?"

"தொட்டதில்ல."

"தொழில், ஓய்வுன்னு இருக்கு. சரிதானே?"

அன்றைக்கு அந்த அதிகாரி கேட்டபோதும் இதே மாதிரி ஒரு மேஜைதான். உன் அம்மா இதே மாதிரி ஒரு ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அந்த மேஜையில் இருந்த டம்ளர் வரை ஞாபகம் இருக்கிறது.

"சரியில்ல" என்றேன். "சாயத் தொழிற்சாலை. உலர்த்துற கொட்டகை. நீலத்தூள். நானும் என் தம்பியும்."

"தம்பியைப் பத்தி நான் கேக்கலையே, ஐயா."

"எனக்குக் கதவுப் பக்கம். அவனுக்கு உள்பக்கம். அவனுக்குத்தான் அதிகம்" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், உன் அம்மாவைப் பார்த்தார். உன் அம்மா சொன்னாள், "அவர் சொல்றதை எழுதிக்கோங்க."

எழுதினார். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, பேனா அசைந்ததைப் பார்த்தேன். என்ன எழுதினார், எவ்வளவு எழுதினார், ஒன்றும் தெரியாது. வெளியே வரும்போது உன் அம்மா மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

ஆட்டோவில் ஏறிய பிறகு கேட்டேன். "எழுதிட்டாரா?"

"எழுதிட்டார்."

"தம்பியையுமா?"

"அவரையும்தான்" என்றாள்.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கண்ணுக்கு மருந்து போட மறக்காதே.

பெரியப்பா